மறியலா, ஆர்ப்பாட்டமா? காக்கிப் பக்கத்துக் கணக்கு

ஊரில் குடிநீர் வரவில்லை. மனு கொடுத்து ஆர்ப்பாட்டமா, நேரே சாலை மறியலா?

முன்னறிவிப்பு: ஆர்ப்பாட்டம் என்றால் இடமும் நேரமும் ஸ்டேஷனுக்குத் தெரியும். மறியலில் காலிக்குடங்கள் ரோட்டுக்கு வந்த பிறகுதான் போன் வரும்.

ஆள்பலம்: முன்னதற்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஆள் கேட்கலாம். பின்னதற்கு இருக்கிற நாலு பேர்தான். குடத்தோடு உட்கார்ந்திருப்பவரோ தினமும் டீ கொடுக்கும் அக்கா. தடியை எடுக்க முடியுமா? "தாசில்தார் வந்துகொண்டே இருக்கிறார்க்கா" என்று கெஞ்சத்தான் முடியும்.

வழக்கு: மறியலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 126 (வழியை மறித்தல்), 189 (சட்டவிரோதமாகக் கூடுதல்) பிரிவுகள் பாயலாம். கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டாலும் வழக்கு இழுக்கும்.

பலன்: மறியலுக்குத்தான் அதிகாரி ஓடி வருவார், மறுப்பதற்கில்லை.

பட்டா, ரேஷன் கடை போன்ற பொறுத்துப் பேசும் விஷயத்துக்கு ஆர்ப்பாட்டம் போதும். இன்றே லாரித் தண்ணீர் வேண்டுமென்றால் ஊர் மறியலுக்குத்தான் போகும். சரி, ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழி விடுங்கள்.