சோனி 200–600: பறவைப் படம் பழகுகிறவர் கையில் இந்த லென்ஸ் எப்படி?

காட்டுயிர்ப் படமெடுக்கப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மில்லிமீட்டர் வேண்டும்?" என்பதைத்தான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு ஒன்று. கிளையில் இருக்கும் பறவை வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. கேமராவைத் தூக்கினால் வ்யூஃபைண்டர் முழுக்க இலைதான். முழு ஃபிரேம் சென்சாரில் (36 மி.மீ. அகலம் கொண்டது), 600 மி.மீ.யில் வைத்தால், 20 மீட்டர் தள்ளி உங்களுக்குத் தெரிவது 1.2 மீட்டர் அகலம் மட்டுமே. அதைத் தேடிப் பிடிப்பதற்குள் பறவை பறந்துவிடும். 2019இல் வந்த சோனி எஃப்இ 200–600 மி.மீ. எஃப்/5.6–6.3 ஜி ஓஎஸ்எஸ் லென்ஸைப் பழகுகிறவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கும் துணிந்து பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், இந்தச் சிக்கலை அது தீர்க்கும் விதம்.

200இல் அதே 20 மீட்டரில் 3.6 மீட்டர் அகலம் தெரியும். பறவையை அதில் பிடித்து, நடுவில் கொண்டுவந்து, ஃபோகஸ் பிடித்தபடியே 600க்குத் திருப்ப வேண்டும். இந்த லென்ஸின் ஜூம் வளையம் எண்ணெய் போட்டதுபோல் ஓடும். இடதுகைப் பிடியை மாற்றாமல் இரண்டு விரலால் ஒரே திருப்பில் 200இலிருந்து 600க்குப் போய்விடலாம். நீண்டு வெளியே வரும் ஜூம்களில் பெரும்பாலும் இது முடியாது. பாதியில் கையை எடுத்து மறுபடி பிடிக்க வேண்டிவரும், அந்த நேரத்தில் குறி நழுவும். பயிற்சி எளிது: பார்வையைக் குறியிலிருந்து எடுக்காமல், முகத்தைக் குனியாமல், கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அசையாத ஓர் இலையை வைத்து ஐம்பது முறை. அடுத்து உட்கார்ந்திருக்கும் காக்கை, பிறகு பறக்கும் கொக்கு. சட்சட்டென்று திசை மாற்றிப் பறக்கும் தகைவிலான் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

ஜூம் உள்ளுக்குள்ளேயே நடப்பதால் நீளம் எப்போதும் 318 மி.மீ.தான். கிம்பல் ஹெட்டில் (கனமான லென்ஸைத் தொங்கவிட்டு எளிதாகத் திருப்ப உதவும் ட்ரைபாட் தலை) ஒருமுறை சமநிலை பார்த்துப் பூட்டினால் 200இலும் 600இலும் மூக்கு கவிழாது. குழாய் நீளும் லென்ஸ்கள் ஒவ்வொரு ஜூமுக்கும் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே தூசியும் வரும். இதில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சுருக்கி வைக்க வழியில்லை. கேமரா மாட்டிய நிலையில் கொள்ளும் பை நீளமாகத்தான் இருக்கும். ஹூடை (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பை) திருப்பிப் போட்டால் பருமனும் கூடும்.

எடை, ட்ரைபாடில் பொருத்துவதற்கு லென்ஸில் இருக்கும் கால் இல்லாமல் 2,115 கிராம். கேமராவும் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். கேமராவைப் பிடித்துத் தூக்காதீர்கள். அத்தனை பாரமும் மவுன்ட் வளையத்தில் விழும். வாரையும் லென்ஸில்தான் மாட்ட வேண்டும். கையில் பிடித்து எடுக்கும்போது காலை மேல்பக்கம் திருப்பிவிட்டு, உள்ளங்கையை ஜூம் வளையத்துக்கு அடியில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டுங்கள். பத்து நிமிடம் தூக்கிப் பிடித்தால் பழகாத கை நடுங்கத் தொடங்கும். ஒரே இடத்தில் காத்திருந்து எடுப்பதானால் மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) போதும்.

அந்தக் காலில் ஒரு குறை உண்டு. ட்ரைபாட் தலைகளில் பரவலாக இருக்கும் ஆர்க்கா வகைக் கிளாம்ப்பில் (பிடிப்பானில்) நேரே பொருந்தும் பள்ளம் அதில் இல்லை; தனியாக பிளேட் போட வேண்டும். ஒரே திருகில் முடுக்கிய பிளேட் இந்த எடைக்கு மெல்ல மெல்லத் திரும்பிவிடும். பள்ளம் வெட்டிய மாற்றுக் கால் வாங்கிப் பொருத்துவது நல்லது. இத்தனை கவனமாகச் செய்த லென்ஸில் இதை விட்டுவைத்தது வருத்தமாகவே இருக்கிறது.

இனி வெளிச்சம். எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எஃப்/5.6 என்பது 200ஐ ஒட்டிய பகுதிக்குத்தான். 300 வந்தாலே எஃப்/6.3 ஆகிவிடும். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 1600 போதுமான இடத்தில் இதற்கு 4000 வேண்டும். வெட்டவெளியில் இது பொருட்டே இல்லை. அடர்ந்த மர நிழலில், விடிந்தும் விடியாத நேரத்தில், நன்றாகவே உறைக்கும். பழகுகிறவர்கள் இங்கே செய்யும் தவறு, ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைத் தாழ்த்திவிடுவது. ஐஎஸ்ஓ ஏறினால் வரும் புள்ளிப்புள்ளியான நாய்ஸைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம்; அசைவால் கலங்கிய கண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மேனுவல் நிலையில் அபெர்ச்சரை 6.3இல் நிறுத்தி, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, ஷட்டரை மட்டும் விரலில் வைத்துக்கொள்ளுங்கள். பறப்பதற்கு 1/2500 நொடி, துறுதுறுவென்றிருக்கும் சிறு பறவைக்கு 1/1000. ஆந்தைபோல் அசையாமல் இருப்பதற்கு 1/250கூடப் போதும்; தலை நிற்கும் கணத்தில் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது தேறும்.

எஃப்/6.3இல் பின்னணி கரையாது என்ற பேச்சைக் கேட்டு மிரள வேண்டாம். 600இல் 10 மீட்டர் தள்ளியிருக்கும் பறவைக்குக் கிடைக்கும் தெளிவின் ஆழமே (முன்னும் பின்னுமாகத் தெளிவாக விழும் பகுதி) சுமார் 10 செ.மீ.தான், 5 மீட்டரில் அது இரண்டரை செ.மீ. அளவுக்கு இறங்கும். அலகைக் குறிவைத்தால் கண் போய்விடும். பின்னணியைக் கரைக்கும் வேலையைப் பெரிதும் செய்வது நீங்கள் நிற்கும் இடம்: பறவை அருகில், அதன் பின்னால் இருக்கும் புதர் தொலைவில் என்று அமையும்படி நகர்ந்து, லென்ஸைப் பறவையின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள்.

மிகக் கிட்டிய ஃபோகஸ் 2.4 மீட்டர். அங்கே உருப்பெருக்கம் 0.2, அதாவது 18 செ.மீ. அகலம் ஃபிரேமை நிறைக்கும். சிறு நீல மீன்கொத்தியின் உடல் 16 செ.மீ. அளவு, அலகு நுனியிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஃபிரேமுக்குள் சரியாக அடங்கிவிடும். தும்பிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இது அருமையான தூரம். கூட்டருகே போவதற்கு இதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் பெற்றோர் கிளையிலேயே தயங்கினால், நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், உடனே பின்வாங்குங்கள்.

பக்கவாட்டில் இருக்கும் சுவிட்சுகளைத் தொடாமலே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஓஎஸ்எஸ்ஸில் மோட் 1 அசையாததற்கு. பக்கவாட்டில் நகர்வதைக் கேமராவால் பின்தொடர்ந்து எடுக்கும்போது மோட் 2. அப்போதும் 1இலேயே விட்டால் உங்கள் கை ஓட்டத்தை லென்ஸ் எதிர்க்கும். திசை மாற்றி மாற்றிப் பறப்பதற்கு மோட் 3. ட்ரைபாடில் இறுக்கிப் பூட்டினால் அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் வரம்பு சுவிட்சை 10 மீட்டர் முதல் முடிவிலி வரை என்று வைத்தால், வானத்துப் பருந்தைத் தவறவிட்ட ஃபோகஸ் முன்னால் இருக்கும் புல்லுக்கு ஓடிவராது. ஆனால் அப்படியே மறந்துவிட்டால், எட்டு மீட்டரில் வந்து அமரும் பறவைக்கு லென்ஸ் அசையவே அசையாது. "லென்ஸ் பழுது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

அடுத்த புகார் "600இல் கூர்மை இல்லை" என்பது. பெரும்பாலும் குற்றவாளி காற்று. வெயில் ஏறிய தரைமேல் காற்று அலையும்போது 80 மீட்டர் தள்ளி நிற்கும் மானின் ரோமம் எந்த லென்ஸிலும் தெளியாது. நெருங்க வேண்டும், இல்லையேல் விடியலில் வர வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து ஈரக்காற்றுக்குள் எடுத்தால் முன்கண்ணாடி வியர்க்கும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் விட்டுவையுங்கள். 95 மி.மீ. மலிவு விலை யூவி ஃபில்டர் மூன்றாவது சந்தேக நபர். கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். பாதுகாப்புக்கு ஹூட் போதும். இவை எதுவும் இல்லையென்றால், நிழலில் 10 மீட்டரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, ட்ரைபாடில் வைத்து, ஓஎஸ்எஸ் அணைத்து, இரண்டு நொடி டைமரில் 200, 400, 600 மூன்றிலும் எடுங்கள். நான்கு மூலையில் ஒன்று மட்டும் கலங்கித் தெரிந்தால் உள்கண்ணாடி சாய்ந்திருக்க வாய்ப்புண்டு. மாற்றித் தரக் கேளுங்கள். நல்ல பிரதி 600இல் 6.3இலேயே இறகைப் பிரித்துக் காட்டும். எஃப்/8க்குப் போனால் துளி மேம்படும், அதற்காக ஐஎஸ்ஓவை 3200இலிருந்து 5000க்கு ஏற்றுவது வீண்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி நீளத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் 840 மி.மீ., எஃப்/9. நல்ல வெயிலில், அசையாத பறவைக்குச் சரி. இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் எஃப்/13இல் கொண்டுபோய் நிறுத்தும், வேண்டாம். சிக்மா 150–600 போன்ற மற்ற நிறுவன லென்ஸ்கள் சோனி கேமராக்களில் டெலிகன்வெர்ட்டர் ஏற்காது, வேகமான கேமராக்களிலும் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நிக்கான் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதே போக்கில், நீளம் மாறாத 180–600 இருக்கிறது. இதற்காக அணி மாற வேண்டியதில்லை. நாள் முழுக்க மலையேறி நடந்து எடுப்பவர்களுக்கு இந்த எடை ஒத்துவராது, அவர்கள் சோனியின் 100–400 மி.மீ. லென்ஸைப் பார்க்கலாம்.