"கையெழுத்து மட்டும்தான்டீ": கடனுக்கு ஜாமீன் போடும் முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று 3 மாதம் இழுத்தடித்தேன். படித்தால் என் சிநேகிதிக்குப் புரிந்துவிடும். புரியட்டும். பெயர், தொகை எதையும் சொல்லப்போவதில்லை. இன்னொருவர் அதே குழியில் காலை விடாமல் இருந்தால் சரி.

14 வருடப் பழக்கம். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது 9 ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே தூங்கியவள். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம்தான் இருக்கும். அவசரத்துக்கு 2 முறை கைமாற்று வாங்கி, இரண்டு முறையும் சொன்ன தேதிக்கு முன்பே கொண்டுவந்து கொடுத்தாள். அதனால், "லோன் எடுக்கிறேன், ஜாமீன் ஒண்ணு வேணுமாம். கையெழுத்து மட்டும்தான்டீ, சும்மா ஃபார்மாலிட்டி" என்று அவள் சொன்னபோது யோசிக்கத் தோன்றவில்லை. யோசிப்பதே அசிங்கம் என்று பட்டது.

பத்திரத்தில் 11 இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அவள் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, குறி இருந்த இடத்தை மட்டும் பார்த்தேன். எதிரே இருந்த அலுவலர் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர்கிட்ட இப்போதைக்குச் சொல்லாதேடீ. எனக்கு மானம் போயிடும்."

அங்கேயே நான் திரும்பி உள்ளே போயிருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் பெருமை, யாரிடமும் சொல்லாததை என்னிடம் மட்டும் சொல்கிறாளே என்று.

4 தவணை ஒழுங்காகப் போனது. அப்புறம் என் போனுக்கு மெசேஜ் வரத் தொடங்கியது. கேட்டால், "அது சிஸ்டம் தானா அனுப்புறது, கண்டுக்காதே" என்பாள். குரலில் ஒரு பிசிறு இருக்காது. இவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா என்று இருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு வெட்டி என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 2006இல் ஒன்றுதிரட்டிப் பார்த்திருக்கிறார்கள். மக்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிவிட்டாலே 50 வரும். அதற்கு 20 வருடம் முன்பே, 1986இல், மக்கார்னாக், பார்க்ஸ் என்ற இருவர் காதல் ஜோடிகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். நெருக்கம் கூடக்கூட "இவரை எனக்குத் தெரியும்" என்ற தைரியம் கூடுகிறது. அந்தத் தைரியத்தில் எதைச் சொன்னாலும் உண்மை என்றே எடுத்துக்கொள்கிறோம், பொய்யைப் பிடிப்பது குறைகிறது. முன்பின் தெரியாத ஒருவர் "கண்டுக்காதே" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வங்கிக்குப் போன் போட்டிருப்பேன்.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்த பிறகுதான் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஜாமீன் என்பதை ஏதோ நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி நினைத்திருந்தேன். அது முழுக்க முழுக்க என் தலையில் ஏறிய கடன். பல நாட்டுச் சட்டங்களில், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவரைத் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. அசலோடு வட்டியும் அபராத வட்டியும் சேர்ந்தே வரும். சிநேகிதம் முறிந்தாலும் ஜாமீன் முறியாது. நான் கட்டித் தீர்த்தால் அவளிடம் திருப்பிக் கேட்கும் உரிமை எனக்கு உண்டாம். இல்லாதவளிடம் உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நேரில் போய்க் கேட்டேன். முதலில், "நான்தான் கட்டிட்டேனே." ஸ்டேட்மென்ட்டை நீட்டியதும், "என்னையே வேவு பாக்கிறியா நீ?" அப்புறம் அழுகை. "14 வருஷத்துக்கு இவ்வளவுதானா? உனக்காக ராத்திரி ராத்திரியா ஆஸ்பத்திரியில கிடந்தேனே." பத்தே நிமிடத்தில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்! அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1997இல் இந்த வரிசையை எழுதி வைத்திருக்கிறார். முதலில் மறுப்பு, அடுத்து கேட்டவர் மேலேயே பாய்ச்சல், கடைசியில் பாதிக்கப்பட்டவர் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்வது. அவர் பேசியது இதைவிடக் கொடுமையான குற்றங்களைச் செய்தவர்களைப் பற்றி. ஆனாலும் வரிசை அச்சு அசலாக அதே.

திட்டம் போட்டு ஏமாற்றினாளா? அப்படி நினைக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த 9 ராத்திரி பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் நின்றவள் கடனிலும் நிற்பாள் என்று கணக்குப் போட்டது நான்தான். ரஸ்ஸல் ஹார்டின் என்ற அறிஞர் நம்பிக்கையில் மூன்று சங்கதி இருக்கிறது என்பார்: யார், யாரை, எந்த விஷயத்தில். மூன்றாவதை நான் அம்போவென்று விட்டுவிட்டேன். கையில் பணம் வந்தால் எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று அவள் தடுமாறுவதை 14 வருடமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டால், பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு ராத்திரி வைத்துப் படியுங்கள். "என்னை நம்பலையா" என்று முகம் சுருங்கினாலும் பரவாயில்லை, படிக்க விடாத அவசரத்தில் நல்லது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை. முழுக் கடனுக்கா, ஒரு வரம்பு வரைக்குமா என்று வங்கியில் நீங்களே கேளுங்கள். தவணை தவறினால் உங்களுக்கும் தகவல் வரும்படி எழுதி வாங்குங்கள், வந்தால் அன்றே விசாரியுங்கள். மொத்தத் தொகையையும் நீங்களே கட்ட வேண்டி வந்தால் முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் கையெழுத்து வேண்டாம். வீட்டில் சொல்லாதே என்று யார் சொன்னாலும் அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடைசி வரியை எழுத எனக்குத் தகுதி இல்லை. தபாலை வாங்கியது என் வீட்டுக்காரர்தான். கத்துவார் என்று காத்திருந்தேன். தொகையைக்கூடக் கேட்கவில்லை. "எத்தனை மாசமா?" என்றார். 8 என்றேன். உறையை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். "நடுவுல ஒருநாள் சேமிப்பு எவ்வளவு இருக்குன்னு உக்காந்து எழுதினோமே. அப்பவும் உனக்குத் தெரியும்." தெரியும். அவள் என்னிடம் மறைத்தது கடைசி 4 மாதம். நான் அவரிடம் மறைத்தது முழுசாக 8 மாதம். நோட்டீஸ் அவள் மேல் கோபத்தைக் கிளப்பியதென்னவோ உண்மை, ஆனால் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தச் சேமிப்புக் கணக்குத்தான்.

தவணையை இப்போது நாங்கள் கட்டுகிறோம். ஒவ்வொரு மாதமும் ரசீதை அவர் கேட்காமலே அவர் மேஜையில் வைத்துவிடுகிறேன். அவர் எடுத்துப் பார்ப்பதில்லை. வைக்காதே என்றும் சொல்லவில்லை.

போன வாரம், "அந்தச் சாவி இன்னும் அவங்ககிட்டத்தானே இருக்கு? பூட்டை மாத்திடலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 14 வருடத்தில் நாங்கள் இல்லாத நேரத்தில் அவள் எத்தனையோ தடவை வீட்டைத் திறந்திருக்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு துரும்பு இடம் மாறியதில்லை. இதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. பூட்டை இன்னும் மாற்றவில்லை.