சம்பளக்காரர் பங்கு விற்றால் ஏஐஎஸ் எவ்வளவு கைகொடுக்கும்?

வருமான வரித் தளத்தில் 2021 நவம்பரில் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கைதான் ஏஐஎஸ். கட்டணம் இல்லை. கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு பங்கும் வாங்கி விற்பவர் ரிட்டர்ன் போடுமுன் முதலில் திறக்க வேண்டியது இதைத்தான். பிடிஎஃபின் கடவுச்சொல்: பான் எண் சிறிய எழுத்தில், ஒட்டினாற்போல் பிறந்த தேதி, மாதம், வருடம் 8 இலக்கமாக.

சம்பளம், வட்டி, டிவிடெண்ட் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கல் பங்கு விற்பனையில். அந்த விவரத்தைத் தருவது, நம் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டெபாசிட்டரி நிறுவனம். டீமேட் கணக்கை விட்டு வெளியேறிய பங்குதான் அதன் கண்ணில் படும். விற்ற விலையாக அது காட்டுவது பல நேரம் அன்றைய முடிவு விலை, வாங்கிய விலையும் மதிப்பீடுதான். காலையில் வாங்கி மதியம் விற்ற இன்ட்ராடே அதில் சிக்காது. ஆகவே தரகரின் வரி அறிக்கையை இறக்கி, ஒவ்வொரு பதிவாக ஒப்பிடுங்கள். தவறான பதிவுக்கு ஏஐஎஸ்ஸிலேயே கருத்துப் பதியலாம். அந்த வசதி உண்மையிலேயே நல்லது.

ஏஐஎஸ் எச்சரிக்காதது முன்வரி, அதாவது ஆண்டு முடியுமுன்பே தவணையாகக் கட்ட வேண்டிய வரி. கம்பெனி பிடிக்கும் வரி (டிடிஎஸ்) சம்பளத்துக்கு மட்டுமே. பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டால் ஜூன் 15க்குள் 15%, செப்டம்பர் 15க்குள் 45%, டிசம்பர் 15க்குள் 75%, மார்ச் 15க்குள் முழுவதும் கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1% வட்டி. லாபத்தைக் கம்பெனியின் சம்பளப் பிரிவில் எழுதிக் கொடுத்தால் அவர்களே சேர்த்துப் பிடிப்பார்கள். பங்கு நஷ்டத்தை அங்கே கழிக்க முடியாது.

2025-26 நிதியாண்டுக்கு, ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20%. புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் வரித் தள்ளுபடி இந்த 20%க்குப் பொருந்தாது. பலர் ஏமாறும் இடம் இதுதான். ஓராண்டு தாண்டியதற்கு 1.25 லட்சத்துக்கு மேல் 12.5%. இன்ட்ராடே ஊக வணிகம் என்பதால் வருமான அளவுக்கேற்ற ஸ்லாப் வரி, ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-3.

டெல்டாவில் நிலமும் இருக்குமே. நெல்லில் நிகர வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய படிவமான ஐடிஆர்-1 போடக்கூடாது. நெல் வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை என்றாலும் மற்ற வருமானத்தின் வரியை அது ஏற்றிவிடும். 5 லட்சத்தைத் தாண்டினால் நில அளவு, பின்கோடு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா எல்லாம் எழுத வேண்டும். கொள்முதல் நிலைய ரசீதுகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.