டாலர் நாணய அச்சு வேறுபாடுகள்: லூப்பும் மைக்ரோஸ்கோப்பும் மூன்றாண்டுப் பயன்பாட்டில்

அமெரிக்க ஒரு டாலர் நாணயங்களில் அச்சு வேறுபாடுகளை (நாணயத்தை அடிக்கும் அச்சு மாறுவதால் அதில் தெரியும் சிறு மாற்றங்களை)த் தேடுவதற்கென்று 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் என்ற கைலென்ஸ் ஒன்றையும், கணினியோடு இணையும் மலிவான யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் ஒன்றையும் வாங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. மைக்ரோஸ்கோப்தான் அதிகம் உதவும் என்று எண்ணியிருந்தேன். இப்போது பெரும்பாலான நாணயங்களை லூப்பிலேயே பார்த்து முடித்துவிடுகிறேன்.

1979ஆம் ஆண்டின் சூசன் பி. ஆண்டனி டாலருக்கு லூப்கூடத் தேவையில்லை. பிலடெல்பியா நாணயச்சாலையில் முதலில் அடித்தவற்றில், ஓரத்தைச் சுற்றி எழும்பி நிற்கும் வரம்பு ஒடுங்கியிருக்கும். அதே ஆண்டில் வரம்பை அகலமாக்கியதால், பின்னர் வந்தவற்றில் ஆண்டெண் வரம்பை ஒட்டினாற்போல் நிற்கும்; இவையே அரியவை. 1980ஆம் ஆண்டு நாணயமொன்றை அருகில் வைத்து ஒப்பிட்டால் ஐயம் தீரும், ஏனெனில் அதில் இருப்பதும் அகன்ற வரம்பே. ஆனால் 1979 சான் பிரான்சிஸ்கோ புரூஃப் நாணயங்களுக்கு (சேகரிப்போருக்கென்று தனியாக அடித்தவை) லூப் இல்லாமல் முடியாது: முதல் வகையில் நாணயச்சாலையைக் குறிக்கும் எஸ் எழுத்து அடைபட்டுத் திட்டாகவும், இரண்டாம் வகையில் வளைவுகள் திறந்து தெளிவாகவும் இருக்கும்.

மைக்ரோஸ்கோப் என்னை ஏமாற்றியது 2000ஆம் ஆண்டின் சகாகவியா டாலர் ஒன்றில்தான். லென்ஸைச் சுற்றியுள்ள எல்இடி விளக்குகள் நேர்மேலிருந்து ஒளி பாய்ச்சியதால் எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. டபுள்டு டை, அதாவது அச்சிலேயே உருவம் இரட்டித்த நாணயம், கிடைத்துவிட்டதென்று இரண்டு வாரம் மகிழ்ந்திருந்தேன். பிறகு மேசை விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டு ஒளியில் லூப்பால் பார்த்தபோது, எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படியாகி, எழுத்தே மெலிந்திருந்தது. அடிக்கும் நொடியில் அச்சு சற்று அசைந்ததால் ஏற்பட்ட மெஷின் டபுளிங் அது. அச்சைத் தயாரிக்கும்போதே நேரும் இரட்டிப்பு அந்த அச்சில் அடித்த நாணயங்கள் அனைத்திலும் வரும், இது அப்படியன்று. (குடியரசுத் தலைவர் வரிசை டாலர்களில் நாணயத்தின் பக்கவாட்டு விளிம்பில் உள்ள எழுத்து தலைகீழாக இருப்பதையும் சிலர் அச்சு வேறுபாடு என்று விற்கிறார்கள், அவ்வெழுத்து நாணயம் அடித்த பின் தனி இயந்திரத்தில் பதிவது, எந்தப் பக்கம் மேலே நிற்கும் என்பது தற்செயல்.)

மைக்ரோஸ்கோப்பை வைத்திருப்பதற்கு ஒரே காரணம் படம். 2000ஆம் ஆண்டில் சீரியோஸ் உணவுப் பெட்டிகளில் போட்ட 5,500 சகாகவியா டாலர்களில் சிலவற்றின் பின்புறத்தில், கழுகின் வால் இறகுகளில் கூடுதல் கோடுகள் உண்டு. அந்த நுணுக்கத்தை நினைவிலிருந்து ஒப்பிட முடியாது. சேமித்த படத்தோடு அருகருகே வைத்தே பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இதுவரை என் கைக்கு வரவில்லை. மைக்ரோஸ்கோப் தாங்கியின் திருகு தேய்ந்து, ஆறு மாதமாக ரப்பர் பேண்டில்தான் நிற்கிறது. புதிது வாங்கும் எண்ணமில்லை.