ஜெல் துப்பாக்கி: ஸ்பிரிங்கா, பேட்டரியா, புதுசா?

கையில் ஏற்கெனவே ஒரு மின்சார ஜெல் துப்பாக்கி இருக்கிறது; தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டையைச் சுடும் பொம்மை. உருண்டையைக் கொட்டி வைக்கும் ஹாப்பர் பாட்டிலைத் தலையில் மாட்டிய, 7.4 வோல்ட் பேட்டரியில் ஓடுகிற, திருவிழாக் கடை ரகம். லீவுக்கு வந்த சித்தப்பா பையன் ஆன்லைனில் வாங்கிய மேகசின் (செருகிக் கழற்றும் உருண்டைப் பெட்டி) ரகத்தோடு மொட்டை மாடியில் ஏறி எல்லோரையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிறான். அடுத்த லீவுக்குள் என்ன செய்யலாம்? ஸ்பிரிங்கை மாற்று என்பார்கள், 11.1 வோல்ட் பேட்டரி போடு என்பார்கள், பழசைக் கடாசு என்பார்கள். என் கட்சி நாலாவது: முதலில் தண்ணீரையும் உருண்டையையும் சரி பண்ணுங்கள்.

பேட்டரியிலிருந்து ஆரம்பிப்போம், எல்லோருக்கும் முதலில் அதில்தான் ஆசை. 7.4-லிருந்து 11.1-க்குப் போனால் மோட்டார் சுமார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும். நொடிக்கு விழும் உருண்டைகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வொரு உருண்டையும் போகும் வேகம் அப்படியேதான் இருக்கும். அதைத் தீர்மானிப்பது, பிஸ்டனைத் தள்ளிக் காற்றால் உருண்டையைச் சுடும் ஸ்பிரிங். இன்னொரு சிக்கலும் உண்டு. ஹாப்பரில் உருண்டை தன் எடையில்தான் கீழே இறங்க வேண்டும். பிஸ்டன் அவசரப்பட்டால் உருண்டை வந்து சேருமுன் அதைக் குழலுக்குள் தள்ளும் நாசில் வழியை மூடிவிடும். பாதி சுடுவது வெறும் காற்று, மீதியில் உருண்டை நசுங்கிக் கூழாகிறது. உள்ளே நைலான் பல்சக்கரம் இருந்தால் அதன் பல்லும் சீக்கிரம் போய்விடும். ஹாப்பர் ரகத்துக்கு 11.1 போடுவது பணத்துக்குக் கேடு.

ஸ்பிரிங் மாற்றுவது உண்மையிலேயே வேகத்தைக் கூட்டும். கம்பி கொஞ்சம் தடித்தாலே இழுப்பில் வித்தியாசம் தெரியும். ஆனால் அதை இழுக்கிற மோட்டார் பழைய மோட்டார்தானே. கரண்ட் அதிகம் இழுக்கும், வயர் சுடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஜங்ஷன் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒரு பையன் இதே பிரச்சினையோடு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, ஸ்பிரிங் மாத்துனதிலேர்ந்து மோட்டார் சுடுது."

"கட்டி ஸ்பிரிங்கப் போட்டுட்டு சுடுதுன்னா எப்படிடே? இழுக்கதுக்கு அதுக்குச் சத்து வேண்டாமா?"

"அப்போ பெரிய மோட்டாரா மாத்திரலாமா?"

"மாத்தலாம். அப்புறம் பல்லு உடையும், அதை இரும்புல போடணும். பொறவு பிளாஸ்டிக் கூடு விரியும். ஆவுற துட்டுக்குப் புதுசே வாங்கிரலாம்லா."

அவர் சொன்ன வரிசைதான் கியர்பாக்ஸின் கதை. ஒரு இடத்தில் பலம் கூட்டினால் அடுத்த பலவீனமான இடம் முறியும். மெட்டல் கியர் உள்ள துப்பாக்கியாக இருந்தால் ஒரு படி தடித்த ஸ்பிரிங் தாங்கும்; நைலான் கியரில் வேண்டவே வேண்டாம்.

இனி என் கட்சி. இந்த உருண்டை தண்ணீரை உறிஞ்சி ஊதும் பாலிமர். கடுகளவு மணி நாலைந்து மணி நேரம் ஊறினால் 7 முதல் 8 மில்லிமீட்டர் வரும். தண்ணீரில் உப்பும் கால்சியமும் மக்னீசியமும் இருந்தால் அது முழுசாக ஊதாது. ராதாபுரம், திசையன்விளை பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் ஊறப்போட்ட உருண்டை சின்னதாக நின்றுவிடும். பேரலில், அதாவது துப்பாக்கிக் குழலில், ஓரத்தில் காற்றுக் கசிந்து, உருண்டை நாலடி தள்ளித் தொப்பென்று விழும். அதே பாக்கெட்டைத் தாமிரபரணி குழாய்த் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ ஊறவைத்துப் பாருங்கள். பேரலுக்குச் சிக்கென்று பொருந்தும், துப்பாக்கியே புதுசு போலச் சுடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இருந்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும்.

அளவு பார்க்க ஒரு அட்டையில் பேரல் வாய் அளவுக்குத் துளை போட்டு, உருண்டையை அதில் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் விழுந்தால் சிறுசு, நசுக்கினால்தான் போகிறது என்றால் பெருசு. பூ ஜாடிக்கு விற்கும் கலர் உருண்டையை இதில் போடாதீர்கள், அது மெத்தென்று பெரிதாக ஊதி உள்ளேயே உடையும். சித்திரை வெயிலில் ஊறிய உருண்டை சுருங்கும் என்பதால் விளையாடும் வரை தண்ணீரிலேயே கிடக்கட்டும்.

கூடவே பிஸ்டன் தலையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையத்தை, ஓ-ரிங்கை, பாருங்கள். தளர்ந்திருந்தால் மாற்றி, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவுங்கள். ஸ்பிரிங்குக்கு ஆகிற செலவு இதற்கு ஆகாது. கசிந்துகொண்டிருந்த காற்று பேரலுக்குள் போனாலே வேகம் கூடிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் சித்தப்பா பையனிடம் தோற்றால் சரி, மேகசின் ரகம் வாங்கலாம். மேகசினே உருண்டையைத் தள்ளிவிடுவதால் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தாலும் சுடும். ஹாப்பரில் அது நடக்காது. மேகசினில் உருண்டை கொஞ்சம்தான் பிடிக்கும், அடிக்கடி நிரப்ப வேண்டும். மாடியில் சும்மா மழை பொழிய ஹாப்பர்தான் ஜாலி. ஆனி, ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர் பக்கம் இரண்டுமே ஒன்றுதான். கால் கிராம் உருண்டையைக் காற்று எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் சொல்லும் 200 எஃப்.பி.எஸ். (நொடிக்கு 200 அடி) என்பது நொடிக்கு 61 மீட்டர். தோலில் சுருக்கென்று படும், கண்ணில் பட்டால் ஆபத்து. கண்ணைக் காக்கும் கண்ணாடி போடாத பிள்ளையை மாடிக்கு விடாதீர்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உருண்டையே வேண்டாம். விழுங்கினால் குடலில் ஊதி அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்குமுன் கடைக்காரரிடம் ஸ்பேர் மேகசின் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம். பெரும்பாலும் முதலில் மக்கர் பண்ணுவது மேகசின்தான்.