அம்ப்ல வாற ‘ஙீ’ சத்தத்துக்கு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கலாமா?

கார் செட் சாமான் விக்கிற கடைகள்ல ரெண்டு பக்கமும் ஆர்சிஏ வயரோட (செட்டுல இருந்து அம்ப்புக்குப் பாட்டு சிக்னலக் கொண்டு போற வயர்) சின்னக் கறுப்புப் பெட்டி ஒண்டு தொங்கும், கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் எண்டு கேட்டாலும் அதத்தான் தருவாங்க, நோய்ஸ் பில்டர் எண்டு கேட்டாலும் அதத்தான் தருவாங்க. மச்சான்ட ஹைஏஸ் வேனுக்கு அதப் போட்டுப் பாத்தம். கல்முனை மட்டக்களப்பு ரோட்டுல ஹயர் ஓடுற வேன், பின் சீட்டுக்குக் கீழ நாலு செனல் அம்ப் (செட்டுட சிக்னலப் பெருப்பிச்சு ஸ்பீக்கருக்குக் குடுக்கிறது) ஒண்டு, சப் (பேஸுக்கெண்டே இரிக்கிற ஸ்பீக்கர்) ஒண்டு. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணினாப் போதும் ஸ்பீக்கர்ல ஙீ எண்டு சத்தம், எக்ஸலேட்டர் மிதிக்க மிதிக்க அதுவும் கூடிக்கொண்டே போகும், ஒரு பாட்டு முடிஞ்சு மற்றது தொடங்குற இடைவெளில அது மட்டும் தனியாக் கேக்கும். பொத்துவில் பக்கம் தூர ஹயர் போனா பின்னால இருக்கிறாக்கள் தலையிடிக்குது, செட்ட நிப்பாட்டுங்க எண்டு சொல்லுவாங்க.

பெட்டிய அம்ப்புக்குக் கிட்ட ஆர்சிஏ லைன்ல கொழுவினோம், சத்தம் ஒரேயடியா நிண்டு போச்சு. அதுல பொய் இல்ல. உள்ளுக்க இருக்கிறது ரெண்டு குட்டி டிரான்ஸ்போமர் தான், அதுக்கு கரண்ட் ஒண்டும் குடுக்கத் தேவையில்ல, பாட்டு சிக்னல் மட்டும் காந்தத்தால கடந்து போகும், செட்டுட ஏர்த்தும் (மைனஸ் தொடுப்பு) அம்ப்புட ஏர்த்தும் ஆர்சிஏ வயர் வழியாத் தொடுறது (இதாலதான் கிரவுண்ட் லூப் வாறது) அறுந்துபோகும், அதோட ஙீயும் போயிரும். ஆனா பேஸ் மெலிஞ்சிட்டு. தவில் அடி விழுந்தா முந்தி நெஞ்சுல இடிக்கும், இப்ப தட்டுற மாதிரி மட்டும் கேக்குது. விலை குறைஞ்ச பெட்டில டிரான்ஸ்போமர் அவ்வளவு சின்னன், கீழ் சத்தத்தத் தாங்காது. சப் வச்சிரிக்கிற ஆளுக்கு இது பெரிய குறை.

எனக்கு இதவிடப் பெரிய கவலை, இந்தப் பெட்டி சத்தத்த மறைக்கும், கோளாறத் திருத்தாம அப்பிடியே விட்டிரும். அதால பெட்டியக் கழட்டிப்போட்டு மீட்டர எடுத்தன். எஞ்சின் ஓட விட்டு, ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு, பாட்டக் கூட்டி வச்சு, மீட்டருட கறுப்பு வயர பெட்டரி மைனஸ்லயும் சிவப்ப அம்ப்புட ஏர்த் டெர்மினல்லயும் வச்சுப் பாக்கணும், டீசி வோல்ட்ல. 0.1 வோல்ட்டுக்குக் கீழ நிண்டா நல்ல ஏர்த். இதுல அரை வோல்ட்டத் தாண்டி ஆடுது! சீட் போல்ட்டுக்குக் கீழ வயரச் சொருகி இறுக்கிரிக்காங்க முந்திப் பூட்டினாக்கள், கீழ பெயின்ட் அப்பிடியே இரிக்கு, வயர் நுனில பச்சப் பூசணம் மாதிரி பிடிச்சிரிக்கு. நம்மட கரையோரத்துல இது புதினமில்ல, கல்லடில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கடல் காத்து எந்தச் செம்பையும் சும்மா விடாது. வேன்ட பொடில வேற இடம் பாத்து சேண்ட் பேப்பரால தகரம் பளிச்செண்டு தெரியுறவரை தேச்சு, வயருக்கு லக் (நுனில பூட்டுற உலோக வளையம்) அடிச்சு, போல்ட் நட் போட்டு இறுக்கி, மேல கிரீஸ் பூசினம். ஆர்சிஏ வயரையும் பவர் வயர் போற பக்கத்துல இருந்து எடுத்து மற்றப் பக்கத்தால இழுத்தம். இப்ப பெட்டி இல்லாமலே சத்தம் இல்ல, பேஸும் பழையபடி வந்திட்டு. காசெண்டு பாத்தா லக், போல்ட், கிரீஸ் அவ்வளவுதான்.

பேஸ் இடிக்கிற நேரம் செட் ஓஃப் ஆகி ஓன் ஆகுறது, லைட் மங்கி மங்கி எரியுறது, இதுக்கும் சிலர் இந்தப் பெட்டிய வாங்குறாங்க, தயவுசெஞ்சு வாங்காதீங்க, அது சிக்னல் லைன்ல இரிக்கிற சாமான், பவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. எஞ்சின் ஓடக்குள்ள பெட்டரில 13.8 இருந்து 14.4 வோல்ட் வரை வரணும், புது மொடல் சில கார்ல கம்ப்யூட்டர் வேணுமெண்டே குறைக்கும் அது வேற. பெட்டரில நல்லா இருந்து அம்ப்புட வாயில குறைஞ்சா வயர்தான் குற்றவாளி. 8 கேஜ் செம்பு வயர் 5 மீட்டர்ல 40 அம்பியர் போனா அந்த வயர்லயே 0.4 வோல்ட் தொலைஞ்சிரும், மேல செம்பு பூசின அலுமினிய வயரெண்டா 0.6க்கு மேல. கத்தியால ஒரு இழையச் சுரண்டிப் பாருங்க, உள்ளுக்க வெள்ளையாத் தெரிஞ்சா அலுமினியம். 4 கேஜ் செம்புக்கு மாறுங்க, பியூஸ பெட்டரிக்குக் கிட்ட ஒண்டரை அடிக்குள்ள போடுங்க, அது சத்தத்துக்காக இல்ல, வயர் உரசி நெருப்புப் பிடிக்காம இரிக்கிறதுக்கு.

வாங்க முதல் ஒரு வேல செய்ங்க. செட்ட ஓஃப் பண்ணிட்டு அம்ப்ல இருந்து ஆர்சிஏய கழட்டி வச்சு (ஓன்ல இருக்கக்குள்ள கழட்டினா சில செட்டுல உள்ளுக்க இரிக்கிற குட்டி பியூஸ் போயிரும், பொறகு அதாலயே ஙீ வரும்) பொறகு செட்டையும் எஞ்சினையும் போட்டுக் கேளுங்க. சத்தம் இன்னும் வந்தா இந்தப் பெட்டியால ஒரு பிரயோசனமும் இல்ல, அம்ப்புட பவரையும் ஏர்த்தையும் பாருங்க. எப்எம்ல மட்டும் இரைச்சலெண்டா போன் சார்ஜர், டேஷ் கேம், எல்ஈடி ஹெட்லைட் எல்லாத்தையும் ஒவ்வொண்டாக் கழட்டிப் பாருங்க, மலிவு சார்ஜர்தான் முக்காவாசி. எல்லாம் சரியா இருந்தும் சத்தம் நிக்கல்ல எண்டா மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்தி பெட்டரில வைங்க, 0.1க்கு உள்ள நிக்கணும், அரை வோல்ட் காட்டினா அல்டனேட்டர் டயோட் போயிட்டு, நேரா வயரிங் பாஸ்ட காட்டுங்க.

இந்தப் பெட்டி மெய்யாவே உதவுற இடம் ஒண்டு இரிக்கு. போனைக் கார் சார்ஜர்ல போட்டுக்கொண்டே ஓக்ஸ் வயர்ல (போன்ட ஹெட்போன் ஓட்டையில இருந்து செட்டுக்குப் போற வயர்) பாட்டுக் கேக்கிறாக்கள், அந்தச் சத்தத்துக்கு ஏர்த் திருத்தி ஒண்டும் ஆகாது, அங்க ஓக்ஸ் பின் வச்ச ஐசொலேட்டர் நல்ல சாமான், தைரியமா வாங்கலாம். கடையிலயே போன்லயும் ஹெட்போன்லயும் கொழுவி ரெண்டு காதுலயும் ஒரே அளவாக் கேக்குதா எண்டு பாத்திட்டு காசக் குடுங்க, ஒரு பக்கம் செத்த பெட்டியும் அந்தத் தொங்கல்ல கிடக்கும்.