பழைய கம்ப்யூட்டரில் பிரிண்ட் ஸ்பூலர் நின்றுபோனது: பழுதுபார்த்துச் சில ஆண்டுகளுக்குப் பிறகு

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை 2012-இல் பொள்ளாச்சியில் வாங்கினோம். இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-உடன் வந்தது. இலவசமாக விண்டோஸ் 10-க்கு மாறிக்கொள்ள 2016 ஜூலை வரை கெடு இருந்தது. கடைசி நேரத்தில் மாற்றினோம். அதில்தான் பிரிண்ட் ஸ்பூலர் என்ற சர்வீஸ், அதாவது அச்சு வேலையைக் கவனித்துப் பின்னணியில் ஓடும் நிரல், படுத்துக்கொண்டது. சரிசெய்த கையோடு இதை எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பழுது எதன் வாலாக வந்தது என்று தெரியாமல் எழுதுவதில் பயனில்லை என்று பொறுத்திருந்தேன்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். கேரள எல்லைக்குள் என்றாலும் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். மனைவி தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியை. நிலவரி ரசீது, ரேஷன் கார்டு விண்ணப்பம் போன்றவை மலையாளத்தில் வரும். வினாத்தாளைத் தமிழில் தட்டச்சு செய்வோம். எல்லாம் ஒரே லேசர் பிரிண்டரில்தான் வெளியே வந்தாக வேண்டும். அக்கம்பக்கத்தாரும் பென்டிரைவோடு வருவார்கள். பிரிண்டர் ஒரு நாள் ஓடவில்லை என்றால் வாசலில் நின்று காரணம் சொல்லும் வேலை எனக்கு வந்துவிடும்.

ஸ்பூலரின் வேலை எளிதானது. நாம் அச்சிடச் சொல்வதை வாங்கி, ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொண்டு, பிரிண்டர் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுக்கும். அது நின்றுவிட்டால் பிரிண்டர் பட்டியலே வெறுமையாகிவிடும்; பிரிண்டரைப் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. சர்வீசஸ் சாளரத்தைத் திறந்து 'ஸ்டார்ட்' கொடுத்தால் ஓடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் நின்றுவிடும்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் என்ற கோப்புறையில் இருக்கும் 'பிரிண்டர்ஸ்' என்ற உள்கோப்புறையைக் காலி செய்வது. சர்வீஸை நிறுத்திவிட்டு, அங்கே தேங்கிக் கிடக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி கோப்புகளை நீக்கிவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். ஏதோ ஒரு பிடிஎஃப் தொண்டையில் சிக்கியிருந்தால் இது போதும். பாதிப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும் என்றே நினைக்கிறேன். எங்களுக்கு முடியவில்லை. கோப்புறை காலியாக இருந்தபோதும் சர்வீஸ் விழுந்தது. அடுத்து, விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளை. நிதானமாக ஓடி முடித்துவிட்டு, விண்டோஸ் கோப்புகளில் குறை எதுவும் இல்லை என்றது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஃபார்மட். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாக் கடையிலும் சொல்லும் தீர்ப்புதான் அது. அவர்கள் மேல் குற்றமில்லை. நாள் முழுக்க ஒரே கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்திருந்தால் கடை நடக்காது. ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் பல ஆண்டு வினாத்தாள்கள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பிறகு யூனிகோடுக்கு மாறி என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு நிரலில் அடித்தவை வேறு. எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு, வினாத்தாளுக்கென்று சரிபார்த்து வைத்த பக்க அளவுகள் எல்லாவற்றையும் திரும்ப நிறுவ வேண்டுமென்றால் மனைவியின் கோடை விடுமுறை அதிலேயே கரைந்துவிடும். "ஏனுங்க, ஃபார்மட் என்ற பேச்சு மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே, விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸில் ஏதாவது பழுது என்றால் முதலில் போக வேண்டிய இடம் அது. கடைசியாகப் போகிறவர்களே அதிகம். உள்ளே 'சிஸ்டம்' பகுதியில் 7031 என்ற எண்ணில், ஸ்பூலர் எதிர்பாராமல் நின்றது என்ற வரிகள் அடுக்கடுக்காக இருந்தன. அதில் தெரிவது நின்ற செய்தி மட்டும்தான். காரணம் 'அப்ளிகேஷன்' பகுதியில், அதே நிமிடத்தில், 1000 என்ற எண்ணில் இருந்தது. விழுந்த நிரல் ஸ்பூல்எஸ்வி, அதாவது ஸ்பூலரேதான். அதற்கு அடுத்த வரியில், விழக் காரணமான கோப்பின் பெயர் இருக்கும். எங்கள் பதிவில் இருந்தது விண்டோஸின் கோப்பே அல்ல. மை காய்ந்து எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போட்ட இங்க்ஜெட் பிரிண்டரின் டிஎல்எல், அதாவது மற்ற நிரல்கள் ஏற்றிக்கொள்ளும் துணைக்கோப்பு. பிரிண்டர் போய்விட்டது, அதன் மென்பொருள் குடியிருந்துகொண்டிருந்தது.

எஸ்எஃப்சி அதைக் கண்டுபிடிக்காததற்குக் காரணமும் இதுதான். அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிபார்க்கும். வெளியார் கொண்டுவந்து வைத்த டிரைவர் (ஒரு கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) கெட்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. "எஸ்எஃப்சி சுத்தம் என்று சொல்லிவிட்டது, ஆகவே ஹார்ட்வேர் கோளாறு" என்று சிலர் உடனே முடிவுகட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பொருள் கொள்ள இடமில்லை.

அந்த டிஎல்எல்லை நீக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. டிரைவரை முறைப்படி நீக்க ஸ்பூலர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஸ்பூலர் எழும்போதே அந்த டிஎல்எல்லை ஏற்றிக்கொண்டு விழுகிறது. காரணம், அது சாதாரண டிரைவர் கோப்பாக இல்லாமல் 'மானிட்டர்' (திரை அல்ல, பிரிண்டரோடு உள்ள இணைப்பைக் கவனிக்கும் துணைக்கோப்பு) என்ற வகையில் பதிவாகியிருந்தது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம் என்ற கிளையில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், பிரிண்ட், மானிட்டர்ஸ் என்று வரிசையாக இறங்கினால் அந்தப் பட்டியல் இருக்கும். லோக்கல் போர்ட், ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட், யுஎஸ்பி மானிட்டர், டபிள்யூஎஸ்டி போர்ட் ஆகியவை விண்டோஸுக்கு உரியவை; அவற்றின் மேல் கை வைக்கக் கூடாது. பிரிண்டர் நிறுவனத்தின் பெயரோடு தனியாக நிற்பதைத்தான் பார்க்க வேண்டும். அதை முதலில் ஏற்றுமதி செய்து பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். பிறகு நீக்கிவிட்டு ஸ்பூலரை ஓட்டினேன். இந்த முறை விழாமல் ஓடியது. அதற்குப் பிறகு 'பிரின்ட்யூஐ' கட்டளையில் 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' சாளரத்தைத் திறந்து, 'டிரைவர்ஸ்' தாவலில் அந்தப் பழைய டிரைவரை அதன் தொகுப்போடு சேர்த்தே அகற்றினேன். ஹோம் பதிப்பில் பிரிண்ட் மேனேஜ்மென்ட் சாளரம் கிடையாது. அந்தப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிதான்.

ஸ்பூலரின் 'ரெக்கவரி' தாவலைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் முறை விழுந்தால் எழுப்பு, இரண்டாம் முறையும் எழுப்பு, அதற்கு மேல் சும்மா விடு என்பது வழக்கமான அமைப்பு. மூன்றிலும் 'எழுப்பு' என்று போடச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலி தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டு சொத்தைப் பல்லோடு காலம் தள்ளுவது போன்றது அது. இருந்தபடியே விட்டுவைத்தேன், விழுந்தால் எனக்குத் தெரியட்டும்.

விழுந்தது. ஆனால் அடுத்த முறை வேறு காரணம். விருந்துக்கு வந்த உறவுக்காரப் பையன், கம்ப்யூட்டரை வேகமாக்கும் இலவச நிரல் ஒன்றை ஏற்றிவிட்டுப் போயிருந்தான். அது தேவையற்ற சர்வீஸ் என்று கண்டதையெல்லாம் முடக்கியிருந்தது. இந்த முறை ஸ்பூலர் எழவே இல்லை. 1068 என்ற பிழை. அதாவது, தான் சார்ந்திருக்கும் வேறொன்று ஓடவில்லை என்று பொருள். 'டிபென்டன்சீஸ்' தாவலைப் பார்த்தால், ஸ்பூலர் சார்ந்திருக்கும் இரண்டில் ஆர்பிசி ஓடிக்கொண்டிருந்தது, எச்டிடிபி முடக்கப்பட்டிருந்தது. அந்தச் சார்பையே வெட்டிவிடும் கட்டளை ஒன்று உலவுகிறது. நான் வெட்டவில்லை. எச்டிடிபியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அந்த வேக நிரலை அகற்றினேன், வேலை முடிந்தது.

இன்னொரு பக்கம், ஸ்பூலரையே அணைத்து வையுங்கள் என்ற அறிவுரை 2021-இல் பரவியது. அதற்கு நியாயம் இருந்தது. பிரின்ட் நைட்மேர் என்ற பாதுகாப்பு ஓட்டை அப்போதுதான் வெளியானது. மைக்ரோசாஃப்ட் ஜூலையில் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதுவரை அணைத்து வைப்பதைத் தற்காலிக வழியாக அதுவே சொன்னது. 2010-இல் பேசப்பட்ட ஸ்டக்ஸ்நெட் கிருமியும் இதே ஸ்பூலரின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தியதுதான். பிரிண்டரே இல்லாத வீட்டில் இந்தச் சர்வீஸை அணைத்துவிடுவது நல்லது. எங்களைப் போன்றவர்களுக்கு அப்டேட் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, உண்மையான நோய்க்கு வருகிறேன். பல ஆண்டுகள் தொந்தரவில்லாமல் கிடந்த அந்த டிஎல்எல் திடீரென்று ஏன் கெட்டது? ஈவென்ட் வியூவரில் கண்ட இன்னொரு வகை வரிகள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தன. மூலம் 'டிஸ்க்', எண் 7: வட்டில் கெட்ட பகுதி இருக்கிறது என்ற செய்தி. வட்டின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலைப் போட்டுப் பார்த்தால் எச்சரிக்கையான மஞ்சள் நிறம். கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (வட்டின் சிறு துண்டுகள்), கெட்டதா என்ற தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் இரண்டும் ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று. பனை மட்டை கம்பியில் விழும். கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரி செத்துப் போயிருந்ததால் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்திருக்கிறது. வட்டுக்கும் வயதாகிவிட்டது. ஸ்பூலர் அதில் முதலில் அகப்பட்டது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பலர், வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் 'செக்டிஸ்க்' கட்டளையை ஆர் குறியோடு ஓட்டுவார்கள். சாகக் கிடக்கும் வட்டில் அது மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துப் படிக்கும், இருப்பதும் போய்விடலாம். முதலில் நகல் எடுக்க வேண்டும். தங்கை மகன், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இருக்கும் ஒரு பென்டிரைவில் கம்ப்யூட்டரை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலில் முழு வட்டையும் சுழலும் வட்டு இல்லாத புதிய வகைச் சேமிப்பகமான 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தான். நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும் நிரல் அது. எங்கே நின்றோம் என்பதையும் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். "மாமா, நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்" என்று அவன் சொன்னபோது, இது எங்கள் ஊருக்கென்றே எழுதிய நிரல் என்று தோன்றியது. நகல் முடிந்த பிறகே எஸ்எஸ்டியில் செக்டிஸ்க்கும் எஸ்எஃப்சியும் ஓட்டினோம்.

எங்கள் மதர்போர்டு எச்61 வகை. அதில் வட்டை இணைக்கும் சாட்டா இணைப்பின் வேகம் நொடிக்கு 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது என்று கடைக்காரர் தயங்கினார். கிடைக்கவில்லைதான், ஆனால் அது பொருட்டே இல்லை. சர்வீஸ் ஒன்று எழுந்து பதில் சொல்ல விண்டோஸ் 30 விநாடிதான் தரும். பழைய வட்டில் காலை நேரத்தில் எல்லாச் சர்வீஸும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, அந்த கெடுவைத் தாண்டி 7009 என்ற பிழை அவ்வப்போது விழும். கெடுவை நீட்ட ரெஜிஸ்ட்ரியில் வழி இருக்கிறது. எஸ்எஸ்டி வந்த பிறகு அதற்குத் தேவையே எழவில்லை.

கூடவே, கடிகாரத்தை ஓடவைக்கும் மதர்போர்டின் சிஆர்2032 பொத்தான் பேட்டரியையும் மாற்றினோம். சிறிய செலவு, ஆனால் அது தீர்ந்தால் தேதி தாறுமாறாகி, ஈவென்ட் வியூவரில் எது முன்னே எது பின்னே என்று கண்டுபிடிக்க முடியாது. யுபிஎஸ் பேட்டரியை இப்போது சாகும்வரை விட்டுவைப்பதில்லை.

அதன் பிறகு ஸ்பூலர் அடிக்கடி விழும் கதை இல்லை. எப்போதாவது பெரிய வரைபடம் ஒன்றை அனுப்பினால் திணறும். பிரிண்டர்ஸ் கோப்புறையைக் காலி செய்தால் சரியாகிவிடும். வினாத்தாள் காலத்தில் இடைவிடாமல் ஓடியும் 7031 வரி கண்ணில் படவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இந்த ஐ3-யை விண்டோஸ் 11 ஏற்காது. எஸ்எஸ்டியில் ஒரு பகுதியைப் பிரித்து லினக்ஸ் போட்டிருக்கிறோம். கேரளப் பள்ளிகளில் மாநில அரசின் கைட் நிறுவனத்தின் லினக்ஸ்தான் பழக்கம் என்பதால் மனைவிக்கு அது புதிதல்ல, எனக்குத்தான் புதிது. அங்கே ஸ்பூலரின் இடத்தில் கப்ஸ் என்ற சர்வீஸ் இருக்கிறது. எங்கள் லேசர் பிரிண்டரை அது தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. பாமினி எழுத்துருவை நிறுவிய பிறகு பழைய வினாத்தாள்களும் திறக்கின்றன. வரி முறியும் இடம் மட்டும் மாறுகிறது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி முடிக்கும் வரை, இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸிலேயே அச்சிடுகிறோம்.